ஓடாத வீட்டுக்கு ஜன்னல் ரப்பர்

சிங்கப்பூருக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள் முறுக்கு, ஊறுகாய், பருப்புப்பொடி என்று மூட்டை கட்டுவார்கள். நான் பதினைந்து மீட்டர் ரப்பர் கட்டிக்கொண்டு போனேன். கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்ன ரப்பர் பட்டறை இருக்கிறது. பஸ் கண்ணாடிகளைச் சுற்றி ஓடுமே கறுப்பு ரப்பர், தொழிலில் அதற்கு பீடிங் என்று பெயர், அதுதான் எங்கள் பிழைப்பு. ஊட்டி பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக மழை உங்கள் மடியில் ஒழுகினால் அது வேறு யாரோ செய்த ரப்பர் என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த ரப்பர் என் தம்பி செந்திலின் வேனுக்கு. செந்தில் இருபத்திரண்டு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறான். கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை. நல்ல பிள்ளை. குடி இல்லை, சீட்டு இல்லை. மனிதனுக்கு ஏதாவது ஒரு கெட்ட பழக்கம் வேண்டுமே என்று நாற்பது வயதான ஜெர்மன் வேன் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். அதற்குள் கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, பாத்திரம் கழுவத் தொட்டி உண்டு. மோட்டார் வீடாம். வீட்டோடு ஊர் சுற்றலாமாம். நாங்கள் கோவையில் ஏறிப் பொள்ளாச்சியில் இறங்குவதற்குள் அங்கே நாடு முடிந்து கடல் வந்துவிடும்.

"வீட்டைத் தூக்கிட்டு அப்படி எங்கடா போவே?" என்று கேட்டிருக்கிறேன்.

"பாலம் தாண்டுனா மலேசியாதானுங்க்கா. வண்டி ரெடியானதும் போறதுதான்."

ஆறு வருடமாக அது ரெடியாகிக்கொண்டிருந்தது.

இப்போது அவசரம் வந்துவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை வண்டிக்குப் பரிசோதனை. முன்கண்ணாடியைப் பிடித்திருந்த ரப்பர் வடகம் போலக் காய்ந்து நொறுங்கி, கண்ணாடி ஆடியது. ஆடுகிற கண்ணாடியோடு போனால் தேறாது. தேறாத வண்டியைச் சாலையில் வைத்திருக்க முடியாது, நேராகப் பழைய இரும்புக்குத்தான் போகவேண்டும். அந்த அளவு ரப்பரை ஜெர்மனியிலேயே இப்போது யாரும் செய்வதில்லையாம். பழைய ரப்பரில் ஒரு துண்டைக் கூரியரில் அனுப்பினான். நான் அதற்கென்று தனியாக அச்சு வெட்டி வார்த்தேன். "நீங்களே வந்து மாட்டிக் குடுங்க்கா, ப்ளீஸ்" என்று மூன்று தடவை கூப்பிட்டுக் கெஞ்சினான். பெண் பார்த்துவிட்டு வந்து மாலினியைக் கட்டிவைக்கச் சொல்லிக் கெஞ்சியபோதுகூடக் குரல் அவ்வளவு இறங்கவில்லை.

சிங்கப்பூர் விமான நிலையச் சுங்கத்தில் என் சாக்கைப் பார்த்ததும் ஓரமாகக் கூப்பிட்டார்கள். நல்லவேளையாக அதிகாரி தமிழ்ப் பெண்.

"அம்மா, உள்ள என்ன இருக்கு?"

"பீடிங்."

அவள் முகத்தில் இருந்த மரியாதை இறங்கிவிட்டது. "பீடியா? எத்தனை கட்டு?"

"ஒரே கட்டுதான் கண்ணு. பதினஞ்சு மீட்டர்."

பதினைந்து மீட்டர் நீளத்தில் ஒரு பீடியை அவள் தன் வேலையில் அதுவரை பார்த்திருக்க மாட்டாள். சாக்கைப் பிரித்து, மோந்து, வளைத்து, இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் மோக்கவைத்தாள். கடைசியில் நான் கண்ணாடி மாட்டுவது போல நடித்துக் காட்டியபின், "பீடிங்னு சொல்லாதீங்கம்மா, ரப்பர்னு சொல்லுங்க. இந்த ஊர்ல பீடி பெரிய கேஸ்" என்று அனுப்பிவைத்தாள்.

வெளியே மாலினி நின்றிருந்தாள். என் தம்பி மனைவி, அங்கேயே பிறந்து வளர்ந்தவள், தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியை. பள்ளி விடுமுறை என்பதால் அவளே வந்துவிட்டாள்.

"அவருக்கு லீவு கெடைக்கலண்ணி. ஆபீஸ்ல பிஸி லா" என்றாள், அந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு லா சேர்த்து.

உடன்பிறந்த அக்கா பதினைந்து மீட்டர் ரப்பரோடு கடல் தாண்டி வருகிறாள், ஒருநாள் லீவு கொடுக்காத கம்பெனி என்ன கம்பெனி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே டாக்ஸியில் ஏறினேன்.

வீடு குவீன்ஸ்டவுனில் பதினொன்றாவது மாடி. அவர்கள் மகன் கட்டாய ராணுவ சேவையில் முகாமில் இருந்ததால் அவன் அறை எனக்கு. மின்தூக்கி என்று தமிழில் எழுதியிருந்தது. எங்கள் ஊரில் லிஃப்ட் என்று எழுதி, அதுவும் ஓடவில்லை என்று கீழே ஒரு அட்டை தொங்கும். தமிழ்நாட்டில் தமிழ் தெரியாமல் காலம் தள்ளிவிடலாம், சிங்கப்பூரில் மாடி ஏறக்கூடத் தமிழ் வேண்டியிருக்கிறது.

மாலை செந்தில் வந்தான். காலையில் போட்டுக்கொண்டு போன சட்டை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் திரும்பி வந்திருந்தது. எல்லாம் ஏசியின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடும்போது வேனைப் பற்றியே பேசினான். "செவ்வாய்க்கிழமைக்குள்ள முடிஞ்சிருமாங்க்கா?" என்று ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை கேட்டான்.

"அது தேறாம போனாத்தான் நல்லது" என்றாள் மாலினி. "லீவு நாள்ல புருஷன் வீட்ல இருப்பாரு."

"வேலை வெட்டி இல்லாதவன் பூனைக்குச் சிரைச்ச கதைதான்" என்று நானும் என் பங்குக்குப் போட்டேன். செந்தில் சத்தமாகச் சிரித்தான். கொஞ்சம் அதிகச் சத்தமாகவே சிரித்தான். எனக்கு நகைச்சுவை நன்றாக வருகிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலினி என்னைத் தேக்காவுக்குக் கூட்டிப்போனாள். லிட்டில் இந்தியா என்று உலகம் சொல்லும் இடம். மல்லிகைப்பூ, வெற்றிலை, சாம்பிராணி, ஜோசியம் எல்லாம் உண்டு, எச்சில் மட்டும் இல்லை. பிழைக்க வந்த புதுக்கோட்டைத் தம்பிகள் சாலையைக் கடக்கப் பச்சை விளக்குக்குக் காத்து நிற்பதைப் பார்த்தேன். ஒரு வண்டியும் வரவில்லை, ஆனாலும் நின்றார்கள். இவர்களே ஊரில் ரயில் வரும்போது கேட்டுக்கு அடியில் குனிந்து போயிருப்பார்கள்.

பக்கத்து உணவங்காடியில் மதியக் கூட்டம். இருநூறு பேர் தட்டோடு அலைந்தார்கள். நடுவில் ஒரு மேசை காலியாக இருந்தது, அதன்மேல் யாரோ மறந்துவிட்டுப்போன டிஷ்யூ பாக்கெட். சிங்கப்பூரில் அறிவாளிகள் குறைவுபோல என்று நினைத்துப் பாய்ந்து உட்கார்ந்தேன். அந்த டிஷ்யூவையே உருவி மேசையைத் துடைத்தேன். இரண்டைக் கூடுதலாக எடுத்து முகத்தையும் துடைத்துக்கொண்டேன். நிமிர்ந்தால் கோட்டு போட்ட சீனர் ஒருவர் கையில் நூடுல்ஸ் கிண்ணத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலினி ஓடிவந்தாள். "அண்ணி, அது சோப் பண்ணின டேபிள் லா!"

"சோப்பு இல்லம்மா, டிஷ்யூதான் இருந்துச்சு."

பிறகு விளக்கினாள். சோப் என்றால் இடம் பிடிப்பது. நாம் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதுதான். இங்கே துண்டுக்குப் பதில் டிஷ்யூ பாக்கெட். அதை வைத்துவிட்டால் பத்திரம் பதிந்த மாதிரி, நாடே தொடாது. நம் ஊரில் துண்டையும் எடுத்துக்கொண்டு இடத்தையும் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சீனரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மிச்சம் இருந்த டிஷ்யூவையும் எனக்கே கொடுத்தார். அவமானத்தை மறக்க ஒரு மீன்தலைக் கறி முழுவதையும் நானே சாப்பிட வேண்டியதாகிவிட்டது.

சனிக்கிழமை காலை செந்திலும் நானும் ஈசூனில் ஒரு தொழிற்கூடத்துக்குப் போனோம். வருடத்துக்கு இரண்டு முறை பழைய மோட்டார் வீட்டுக்காரர்கள் எல்லாரும் அங்கே கூடி, வண்டிகளைச் சேர்ந்து பழுதுபார்க்கிறார்கள். எட்டு வண்டிகள் நின்றன. ஒன்றில் எண்ணெய் சொட்டியது, ஒன்றில் கூரை தொங்கியது, ஒன்றில் துளசிச்செடி வளர்ந்தது. எட்டும் சேர்ந்து ஓடிய மொத்தத் தூரத்தைவிட எட்டும் சேர்ந்து பழுதுபார்க்கப்பட்ட நேரம் அதிகம் இருக்கும்.

கூட்டத்துக்குத் தலைவர் ஓங் அங்கிள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். வாயில் எப்போதும் ஒரு ஸ்குரூ. இரண்டாவது பெரிய மனிதர் ரோஸ்லான், மலாய்க்காரர், சோபா தைப்பவர். என்னை அறிமுகப்படுத்தியதும் ஓங் என் சாக்கை அவிழ்த்து, ரப்பரை விரலால் அமுக்கிப் பார்த்து, ஸ்குரூவை வாயிலிருந்து எடுத்தார். அது பெரிய மரியாதையாம். அன்றிலிருந்து நான் மேடம் ரப்பர்.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரே ஒரு விதிதான் உண்டு, 'நாளைக்கு வாங்க'. இங்கே விதிகள் நிறைய. முதல் விதி, சொந்த வண்டியில் யாரும் கைவைக்கக் கூடாது. எனக்குப் புரியவில்லை. ஓங் ஆங்கிலத்தில் சொன்னதைச் செந்தில் தமிழில் சொன்னான்: "சொந்த வண்டியக் கழட்டுறவன் பாதிதான் கழட்டுவானாம். மீதியப் பாக்க அவனுக்குப் பயமாம்."

இரண்டாவது விதி, வண்டிக்காரர் தன் வண்டியின் முன்னால் நின்று அதன் குறைகளை எல்லாரும் கேட்கச் சொல்லவேண்டும். ஒன்றையும் மறைக்கக் கூடாது. அவர் சொல்லச் சொல்ல, அந்தந்தக் குறையைச் சரிசெய்ய முன்வருபவர் போய் அந்த இடத்தில் தன் டிஷ்யூ பாக்கெட்டை வைப்பார். வைத்துவிட்டால் அந்தக் குறை அவருடையது, முடிக்காமல் எடுக்கக் கூடாது. ரோஸ்லான் தன் வண்டியின் குறைகளைச் சொன்னபோது அவருடைய மனைவி நடுநடுவே விட்டுப்போனதை எடுத்துக்கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் அந்த வண்டி முழுக்க டிஷ்யூ பாக்கெட்டாக இருந்தது, ஜலதோஷம் பிடித்தது போல.

செந்திலின் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "முன்கண்ணாடி ஆடுது. இடது சிக்னல் எரியல. பின்கதவுல துரு. கறுப்புப் புகை."

"வேற?" என்றார் ஓங்.

"அவ்வளவுதான்."

"உள்ளே?"

"உள்ள ஒண்ணுமில்ல" என்றான், கேள்வி முடிவதற்குள்.

நான் கண்ணாடியின்மேல் பெருமையாக என் பாக்கெட்டை வைத்தேன். அக்கா மாட்டலாமா என்று ஒரு சின்ன விவாதம் நடந்தது. அக்கா சொந்தம்தான், ஆனால் வண்டி அக்காவுக்குச் சொந்தமில்லை என்று தீர்ப்பாகியது. மதியம் யாரோ நாசி லெமாக் தாபாவ் செய்து கொண்டுவந்தார்கள், அதாவது பொட்டலம். வாழையிலையில் தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, காரச் சம்பல். மாவரைக்கிற கஷ்டம் இல்லாமலே இவர்கள் இப்படிச் சாப்பிடுவது எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி மாட்டினோம். இது ஒன்றும் ராக்கெட் வேலை இல்லை, பொறுமை வேலை. ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றிப் போடவேண்டும். ரப்பரின் உள்பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிலும் பதிக்கவேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே இருவர் கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்க, உள்ளே ஒருவர் கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே வரவேண்டும். கயிறு வர வர ரப்பரின் உதடு சட்டத்தைக் கவ்விக்கொண்டு போகும். வெளியே ஓங்கும் ரோஸ்லானும். உள்ளே நான். செந்தில் அவர்களுக்குப் பின்னால் நின்றான்.

தொடங்குமுன் ரோஸ்லான் ஏணி எடுக்கப் போனார். என் கையெல்லாம் சோப்பு, கயிறு வழுக்கியது. துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்த சின்ன அலமாரியின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட் ஒட்டவைத்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. உருவிக் கையைத் துடைத்த பிறகுதான் இது யாரோ சோப் பண்ணின குறையாயிற்றே என்று உறைத்தது. என்ன குறை? மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்குமோ? ரப்பர்காரிக்கு அந்தக் கவலை வராமல் இருக்குமா. திறந்தேன்.

தண்ணீர் இல்லை. ஹேங்கரில் ஒரு லுங்கி. மடித்த டீசட்டை. கப் நூடுல்ஸ் ஒரு அட்டைப்பெட்டி நிறைய. கொசுவர்த்தி. ஒரு ஃபைல். ஃபைலில் மேலாக இருந்தது அவன் கம்பெனிக் கடிதம். என் ஆங்கிலம் பட்டறை ஆங்கிலம்தான், ஆனால் அந்தக் கடிதத்தைப் புரிந்துகொள்ள அது போதும். வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். தேதி நான்கு மாதம் பழையது.

நிமிர்ந்தேன். ஓங்கும் ரோஸ்லானும் கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்தில் வைத்துவிட்டார்கள். அவர்களுடைய தோள்களுக்கு நடுவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், செந்தில் என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தான். அந்த பாக்கெட்டை வைத்தது அவன்தான். யாரும் திறக்கக் கூடாது என்று தன் வண்டியில் தானே இடம் பிடித்திருக்கிறான். அவனால் உள்ளே ஓடிவர முடியவில்லை. சொந்த வண்டியில் கைவைக்கக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"மேடம் ரப்பர், இழுங்க!" என்று கத்தினார் ஓங்.

காகிதத்தை வைத்துவிட்டு இழுத்தேன். ரப்பர் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை கவ்விக்கொண்டே போனது. நல்ல வார்ப்பு, எங்கும் பிடிக்கவில்லை. முப்பது வருடத்தில் நான் மாட்டிய கண்ணாடிகளில் அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்தது வேறில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். பூனைக்குச் சிரைத்தது பற்றி நான் சொன்னதும், அவன் சிரித்த சத்தமும்தான் என் காதில் இருந்தது. என் நாக்கில் சூடு போட்டால் தகும் என்று நினைத்தேன்.

ரப்பர் இறுக ஒருநாள் வெயிலில் நிற்கவேண்டும். வண்டியை அதன் வழக்கமான இடத்தில், பாசிர் ரிஸ்ஸில் விட்டுவிட்டு வந்தான். வீட்டில் மாலினி இருந்ததால் கடிதப் பேச்சை நான் மறுநாளைக்கு வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினான். "நானும் வரேன், இவன் ஆபீஸப் பாக்கோணும்" என்றேன். "போங்கண்ணி, கட்டடம் நல்லா பெருசா இருக்கும்" என்று மாலினி வழியனுப்பினாள்.

எம்ஆர்டி ரயிலில் நிற்கத்தான் இடம். எல்லாரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நம் ஊர் ரயிலாக இருந்தால் இதற்குள் பக்கத்தில் நிற்பவர் எங்கள் குலதெய்வம்வரை விசாரித்திருப்பார், எங்கள் ரகசியமும் வண்டி முழுக்கப் பரவியிருக்கும். இந்த ஊர் நாகரிகம் அன்றைக்கு எங்களுக்கு உதவியது.

ஆபீஸ் கட்டடங்கள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேஸ் வந்தது. இஸ்திரி போட்ட சட்டைகள் எல்லாம் மொத்தமாக இறங்கின. கதவு மூடியது. எங்கள் பெட்டியில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்றுதான் மிச்சம்.

"இதானுங்க்கா என் ஸ்டாப்" என்றான். "மொத வாரம் எறங்குனேன். பிளாட்ஃபாரத்துல அரை மணி நேரம் நின்னுட்டு மறுபடி ஏறுவேன். அப்பறம் எறங்கறத விட்டுட்டேன்."

அதே பாதையின் கடைசி நிலையம் பாசிர் ரிஸ். அங்கிருந்து கடற்கரை வாகன நிறுத்துமிடம்வரை நடந்தோம். வேனைத் திறந்து, சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டி, லுங்கிக்கு மாறினான். அடுப்பைப் பற்றவைத்து எனக்குத் தேநீர் போட்டான். இதுவரை நான் பார்த்ததிலேயே ஒழுங்கான ஆபீஸ் அதுதான். மேசை, மடிக்கணினி, பேனா, எல்லாம் அதனதன் இடத்தில்.

"ஏண்டா சாமி சொல்லல?"

"ஒவ்வொரு நாளும், நாளைக்கு வேற வேலை கெடைச்சிரும், ரெண்டையும் சேத்துச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். வயசப் பாத்துட்டு யாரும் திருப்பிக் கூப்பிடறதில்லீங்க்கா. நாளாக நாளாக, வேலை போனதச் சொல்றதவிட இத்தன நாள் சொல்லாததச் சொல்றதுதான் பெருசாப் போச்சு."

"நாளைக்கு வண்டி தேறலீன்னா?"

தேநீரை ஆற்றினான். "அதத்தான் தெனமும் யோசிக்கறேன். காலைல கெளம்பி எங்க போவேன்?"

"நான் புதன்கிழமை ப்ளைட் ஏறதுக்குள்ள நீ மாலினிகிட்டச் சொல்லிரோணும். இல்லீன்னா நான் சொல்லிப்போடுவேன்" என்றேன். "வண்டி தேறட்டும்" என்றான். ஆட்டோக்காரர் 'சேஞ்ச் இல்ல' என்று சொல்வது போல இருந்தது, வாக்குறுதியும் இல்லை, மறுப்பும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மூவருமே பரிசோதனைக்குப் போனோம், செந்தில் வண்டியை எடுத்துவர, நாங்கள் இருவரும் டாக்ஸியில். விடுமுறையில் வீட்டில் தனியாக என்ன செய்வது என்று மாலினியும் வந்துவிட்டாள். 'அரைநாள் பர்மிஷன் போட்டிருக்கேன்' என்று அவன் அவளிடம் சொன்னபோது நான் மின்தூக்கியின் எண்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பரிசோதகர் சின்ன வயசு, கடுமையான முகம். விளக்குகளைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், புகையைக் குழாய் விட்டு அளந்தார். கடைசியாக முன்கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து முழுப்பலத்தோடு தள்ளினார். அசையவில்லை. இன்னொரு தரம் தள்ளினார். கண்ணாடி இருந்த இடத்தில் இருந்தது. தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வண்டிக்குள் வந்து உட்கார்ந்தோம், அவர்கள் முன்னால், நான் பின்னால் கட்டிலில். செந்தில் சாவியைத் திருகினான். மாலினி அந்த வேனைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள்.

"சரி லா, தேறிடுச்சு. இவ்ளோ பேர் பாடுபட்டிருக்காங்க, சும்மா நிறுத்தி வைக்கக் கூடாது. எனக்கு ஸ்கூல் தொறக்க இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. மலாக்கா போய்ட்டு வரலாமா? உங்களுக்கு லீவு எத்தனை நாள் இருக்கு?"

செந்தில் இன்ஜினை அணைத்தான்.

"நெறைய இருக்கு."

"நெறையன்னா எத்தனை?"

"வேலை போயிடுச்சு மாலினி. நாலு மாசம் ஆச்சு."

கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொள்ள வழி இருந்தால் நுழைந்திருப்பேன். பின்னால் காத்திருந்த டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். சிங்கப்பூரில் நான் கேட்ட ஒரே ஹாரன். மாலினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் எனக்கும் சமாதானம் செய்யத் தெரியும்.

"நாலு மாசமா மத்தியானம் எங்க சாப்ட்டீங்க?" என்றாள்.

"இதுலதான்."

"எங்க நிறுத்தி?"

"பாசிர் ரிஸ். கடல்கிட்ட."

பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். "அங்க போங்க."

வாங்கி ஆறு வருடத்தில் அந்த வீடு தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போன முதல் பயணம் அதுதான். அரை மணி நேரம். தட்டுகளும் கரண்டிகளும் பின்னால் என்னோடு கடகடவென்று வந்தன. மழை பிடித்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வேறு ஒரு நாளாக இருந்தால் அதைப் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன்.

வழக்கமான இடத்தில் நிறுத்தினான். மாலினி பின்னால் வந்து, அவன் உட்காரும் இருக்கையில் உட்கார்ந்தாள். ஜன்னலில் அவன் தினமும் பார்த்ததைப் பார்த்தாள். சாம்பல்நிறக் கடல், எதிரே ஒரு பச்சைத் தீவு, தலைக்குமேல் தாழ இறங்கும் விமானங்கள். பிறகு அலமாரியைத் திறந்தாள். லுங்கியைத் தொட்டாள். நூடுல்ஸ் பெட்டியைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. ஃபைலை எடுத்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்த செந்திலின் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"என்கிட்ட சொல்ல என்னங்க பயம்? நான் என்ன உங்க பிரின்சிபாலா?"

செந்திலின் கண்ணும் நிறைந்திருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஃபைலைப் பிரித்தாள். அவன் அனுப்பிய விண்ணப்பங்களின் நகல்கள். ஒன்றைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். முதல் தாளை மறுபடி எடுத்தாள். புருவம் சுருங்கியது, வகுப்பில் நோட்டுத் திருத்தும்போது சுருங்குவது போல.

"இதை யாருக்காச்சும் காட்டுனீங்களா?"

"இல்ல."

"நீங்களே எழுதி, நீங்களே பாத்து, நீங்களே அனுப்பிட்டீங்க. எல்லாத்தையும்."

"ஆமா."

கைப்பையைத் துழாவிச் சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"தள்ளி உக்காருங்க" என்றாள்.